இட்டேரிக்குப் பழைய சைக்கிள் போதும்

சரளைப் பாதையில் ஓட்ட வேண்டுமென்றால் அரை லட்சம் கொடுத்துத் தனியாக ஒரு சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நம் பக்கத்து இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். வீட்டில் சாத்தி வைத்திருக்கும் அப்புச்சி காலத்துக் கனத்த சைக்கிளே கீழ்பவானி வாய்க்கால் கரைக்கும், காங்கேயம், தாராபுரம் பக்கத்து இட்டேரிகளுக்கும் (இருபுறமும் வேலி உள்ள மண் பாதைகள்) தாராளமாகப் போதும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லோரும் முதலில் சொல்லும் குறை எடை. கேரியரும் ஸ்டாண்டும் சேர்ந்து பழைய சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ வரும். புதியது 10 கிலோ அளவில் இருக்கும். ஆனால் மிதிப்பவர் 65 கிலோ என்று கொண்டால் மொத்தச் சுமை 75 கிலோவுக்குப் பதில் 85 கிலோ ஆகிறது, அவ்வளவுதான். மேடு ஏறும்போது இது எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான உழைப்பைக் கேட்குமே தவிர, சமமான வாய்க்கால் கரையில் சீராகப் போகும்போது பெரிதாக உறைக்காது. சரளையில் உடம்பைக் காப்பது டயரின் அகலம். கடையில் 28க்கு 1½ என்று கேட்டு வாங்கும் நம் டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. இன்றைய சரளைச் சைக்கிள்களில் பரவலாகப் போடுவதும் அந்த அளவுதான். நீண்ட சட்டமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் நன்கு சாய்ந்த ஃபோர்க்கும், ஸ்பிரிங் சீட்டும் குண்டு குழியில் வண்டியை அலையவிடாமல் நேராகக் கொண்டு செல்கின்றன.

உண்மையான குறை பிரேக்கில்தான் இருக்கிறது. கம்பி பிரேக்கின் கட்டைகள் இரும்பு ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பவை. ரிம் நனைந்துவிட்டால் பிடிமானம் வெகுவாகக் குறையும். ஆகவே ஐப்பசி மழையிலும் மலை இறக்கத்திலும் இந்தச் சைக்கிளை நம்பவே கூடாது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது, தார்ச் சாலையே என்றாலும், இந்த பிரேக்குக்கு உரிய வேலை அல்ல.

மேடுகளுக்கு வழி உண்டு. செயின் ஓடும் பல் சக்கரங்களில் முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருக்கும் வண்டியில், பின்னால் 22 பல் ஃப்ரீவீல் மாற்றினால் மிதி கணிசமாக இலகுவாகும். செயினில் இரண்டொரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கலாம். கிளுவை வேலியோரம் முள் ஏறினாலும், சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம் என்பது இந்த வண்டியின் பெரிய வசதி.

கிளம்பும் முன், பெடல் கட்டையை அச்சோடு பிணைக்கும் ஆப்பான காட்டர் பின்னை மட்டும் கட்டாயம் பாருங்கள். குலுக்கலில் அது தளர்ந்தால் பெடல் கட்டை ஆடத் தொடங்கும். ஆட ஆட மிதித்தால் அச்சே கெட்டுவிடும் என்பதால், ஓர் உதிரிப் பின்னையும் சிறு சுத்தியலையும் கேரியரில் கட்டிக்கொள்வது நல்லது.