0.70 மதிப்பெண் வந்தால் வீடு தயார் என்று அர்த்தமில்லை

அண்ணா, "தகவமைப்புக் குறியீட்டில் 0.70 வாங்கிய வீடு வெள்ளத்துக்குத் தயார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. வெள்ளத்தைச் சமாளிக்க ஒரு வீட்டுக்கு உள்ள திறனை 0 முதல் 1 வரை அளக்க, கணக்கெடுத்த வீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரும் எண் அது. தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

ஒவ்வொரு வீட்டின் விடையிலிருந்தும் எல்லா வீடுகளிலும் வந்த குறைந்தபட்சத்தைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுக்கிறார்கள். மாத வருமானம் 2,000 முதல் 12,000 ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) வரை உள்ள தெருவில் 1,02,000 ரேண்ட் வாங்கும் ஒரு வீடு சேர்ந்தால் போதும், 12,000 ரேண்ட் வீடு 1-லிருந்து 0.1-க்கு இறங்கிவிடும். அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை! வருமானத்துக்கு மடக்கை எடுத்துக் கணக்கிட்டால் 0.46 வரும். டர்பன் பக்கத்து ஊர்களான இசிப்பிங்கோவுக்கும் டோங்காட்டுக்கும் தனித்தனி குறைந்தபட்சம், அதிகபட்சம் வைத்துப் போட்ட மதிப்பெண்களை ஒப்பிடவும் கூடாது.

இப்படி வரும் மதிப்பெண்களைச் சேர்த்து எடுக்கும் சராசரியில் இன்னும் பெரிய ஓட்டை. வருமானம் 0.9, கல்வி 0.9, அக்கம்பக்க உதவி 0.8, கட்டடம் 0.8, எச்சரிக்கை கிடைப்பது 0.1: கூட்டி ஐந்தால் வகுக்கும் கூட்டுச் சராசரி 0.70, ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரி 0.55தான். ராத்திரி எச்சரிக்கை வந்து சேராத வீட்டுக்குப் பட்டப்படிப்பு ஈடாகாது. ஐந்தையும் தனித்தனியாகவே வெளியிடுங்கள்.

"தயாராக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது எச்சரிக்கை எத்தனை மணி நேரம் முன்னால் வந்தது, யார் சொன்னார்கள், எங்கே போனீர்கள் என்று கேளுங்கள். சொந்த வீடா வாடகையா என்பதும் வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் தன்னிஷ்டத்துக்குத் தரையை உயர்த்த முடியாது. டோங்காட்டில் அந்த வெள்ளம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே சிதைத்து, மாதக்கணக்கில் குழாய் வறண்டது. ஆகவே வீட்டில் எத்தனை லிட்டர் சேமிக்க முடியும் என்ற கேள்வியையும் படிவத்தில் சேருங்கள்.