தபால்தலையை விற்றுப் புத்தகம் வாங்கியவர்

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தபால்தலை சேர்ப்பவர் என்று தெருவே சொல்லும். வீட்டுக்குப் போனால் தபால்தலை அதிகம் இருக்காது. முக்கால்வாசியை விற்று, அந்தக் காசில் தபால்தலை பற்றிய புத்தகங்களாக வாங்கி அடுக்கிவிட்டார். விலைப்பட்டியல்கள், சங்க இதழ்கள், ஏலப் பட்டியல்கள். கட்டிலுக்கு அடியிலும் அவைதான். "கிறுக்கு முற்றிவிட்டது" என்பது அவர் மனைவியின் தீர்ப்பு.

நான் பெரியவர் கட்சி. 1957இல் நயா பைசா வந்தபோது இந்திய வரைபடம் போட்ட தபால்தலைகள் வெளியாயின. அடுத்த ஆண்டிலிருந்து படம் அதேதான், தாளுக்குள் மங்கலாகப் பதிந்திருக்கும் நீர்க்குறி (வாட்டர்மார்க்) மட்டும் மாறியது: நட்சத்திரம் போய் அசோகர் தூணின் சிங்கங்கள் வந்தன. முன்பக்கம் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெரியவர் ஒன்றைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து பென்சின் என்ற பெட்ரோலியக் கரைப்பான் இரண்டு சொட்டு விட்டார். நட்சத்திரங்கள் தெரிந்தன, ஈரம் காய்ந்ததும் மறைந்தன. புத்தகம் சொல்லாவிட்டால் யாருக்கு அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும்?

ஏலப் பட்டியலைக் குப்பை என்பார்கள். முப்பது வருடம் முன்பு விற்ற தபால்தலையின் படம் அதில் இருக்கும். தபால் முத்திரை விழுந்த இடத்தை வைத்து, இன்று விலைக்கு வருவது அதுதானா, நடுவில் யாராவது கிழிசலை ஒட்டி மறைத்தார்களா என்று கண்டுபிடித்துவிடலாம்.

பிரிட்டனில் கிராஃபோர்டு பிரபு என்ற வானியலாளருக்கும் இதே பித்து. அமெரிக்க வழக்கறிஞர் ஜான் டிஃபனி இறந்த பிறகு அவருடைய தபால்தலை நூலகத்தையே மொத்தமாக வாங்கிக்கொண்டார். 1913இல் பிரபு காலமானதும் எல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பிரபு வீட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994இல் ஆய்வு நூலகமாக்கியது. (வாங்குவதற்கும் சிகாகோவிலிருந்துதான் ஆள் வரவேண்டியிருந்தது.)

பெரியவரின் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று ஒரு நூலகத்தில் கேட்டுப் பார்த்தேன். போட்டித் தேர்வுப் புத்தகம் என்றால் தரலாம் என்றார்கள். வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததைப் பிரிக்காமல் வைக்க ஓர் அலமாரிகூட ஒதுக்க முடியாதா? ஆல்பத்துக்கு வியாபாரி வந்துவிடுவார். புத்தகங்களுக்கு எடைக்காரர்தான் வருவார்.

வடசென்னையில் ஓர் அறை தரக்கூடிய பள்ளியோ சங்கமோ இருந்தால் சொல்லுங்கள். பெரியவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: வாரம் ஒருமுறை நேரில் வந்து, புத்தகங்கள் அவர் அடுக்கிய வரிசையிலேயே இருக்கின்றனவா என்று பார்ப்பார். திட்டவும் செய்வார்.