லேண்ட்லைன் வச்சிருக்கவங்கன்னா அவ்வளவு இளக்காரமா?

மத்தியானம் சாப்பிட்டு வயசானவங்க கண்ணசருற நேரம் பாத்துத்தான் மணி அடிக்குது. முட்டுவலியோட பாட்டா சுவரைப் பிடிச்சு நடந்து வந்து எடுத்தா, அந்தப் பக்கம் ஒரு பதிவுக் குரல் "லோன் வேணுமா"ங்குது. களியக்காவிளை, குழித்துறைப் பக்கம் இந்தத் தொல்லை மூணு பாஷையில வருது: தமிழ், மலையாளம், இந்தி. வெப்ராளமா இருக்கு!

மொபைல்னா ஒரு தட்டுல பிளாக் பண்ணலாம், விளம்பரத் தொல்லைக்கான 1909-க்கு மெசேஜ் போடலாம், டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) டிஎன்டி ஆப்ல, அதாவது 'தொந்தரவு செய்யாதே' ஆப்ல, புகார் கொடுக்கலாம். லேண்ட்லைன்ல மெசேஜும் இல்ல, ஆப்பும் இல்ல. அதே போன்ல இருந்து 1909-க்குக் கூப்பிட்டு எல்லா விளம்பரத்தையும் நிறுத்தச் சொல்லணும். காசு கிடையாது, கட்டாயம் செய்யுங்க. ஆனா அதுக்குக் கட்டுப்படுறவன் முறைப்படி பதிவு பண்ணி, 140-னு தொடங்குற நம்பர்ல விளம்பரத்துக்குக் கூப்பிடுறவன்தான். சாதாரண பத்து இலக்க நம்பர்ல கூப்பிடுறவன் எதுக்கும் அடங்க மாட்டான். அவன் மேல புகார்தான் கொடுக்கணும். 2025 பிப்ரவரியில திருத்தின விதிப்படி அழைப்பு வந்து 7 நாளுக்குள்ள கொடுக்கலாம், முன்ன 3 நாள்தான். டிஎன்டி பதிவு இல்லாட்டியும் எடுத்துக்கணும். கூப்பிட்ட நம்பர், தேதி, என்ன பேசினான், இது மூணும் வேணும்.

நம்பரே தெரியாத போன்ல எதை வச்சுப் புகார் கொடுக்க? அதனால முதல்ல திரை உள்ள போன் வாங்குங்க, லைன்ல காலர் ஐடி, அதாவது கூப்பிடுறவன் நம்பரைக் காட்டுற வசதி, திறந்திருக்கான்னு கேளுங்க. அப்புறமும் நம்பர் விழலைன்னா போனைப் பழிக்காதீங்க. நம்பரை லைன்ல அனுப்புறதுக்கு எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப்னு ரெண்டு முறை இருக்கு. எஃப்எஸ்கே முறையில நம்பர் முதல் மணிக்கும் ரெண்டாவது மணிக்கும் நடுவுலதான் வருது. முதல் மணியிலேயே ரிசீவரைத் தூக்கினா அது அறுந்துபோகும். ரெண்டு மணி பொறுங்க. ஃபைபருக்கு மாறினவங்களுக்கு இன்னொரு சிக்கல்: வீட்டுல ஃபைபர் வந்து சேருற ஓஎன்டி பெட்டி எஃப்எஸ்கேல அனுப்ப, பழைய போனுக்கு டிடிஎம்எஃப் மட்டும்தான் புரியும்னா திரை வெறுமையாவே கிடக்கும். பெட்டியில அந்த செட்டிங்கை மாத்தித் தரச் சொல்லி லைன்மேனை விடாம கேளுங்க. ஹால்ல ஒண்ணு, ரூம்ல ஒண்ணுன்னு பேரலல் இழுத்த வீட்டுல ஜாயின்ட் துருப்பிடிச்சிருந்தாலும் இலக்கம் விட்டுவிட்டுத்தான் விழும். ஒரு போனைக் கழட்டிட்டுப் பாருங்க.

சில கார்ட்லெஸ் போன்ல பிளாக் லிஸ்ட் இருக்கு. ஒரே நம்பர் முன்னால 0 சேத்தும் வரும், சேக்காமலும் வரும். ரெண்டு விதமாவும் போட்டு வையுங்க, இல்லாட்டி அடுத்த தடவை அவன் உள்ள வந்துடுவான். ஆத்திரத்துல திருவனந்தபுரம் எஸ்டிடி கோடான 0471-ஐ மொத்தமா அடைச்சுடாதீங்க. பாறசாலை, நெய்யாற்றின்கரை சொந்தபந்தமெல்லாம் அந்தக் கோடுலதான் கூப்பிடும். நம்பர் காட்டாத அழைப்பைத் தடுக்குற பட்டனும் அப்படித்தான், வளைகுடாவுல இருந்து பிள்ளை கூப்பிடுற போன் சில நேரம் நம்பர் இல்லாமத்தான் வருது. பத்து நம்பரை அவங்க பக்கத்துலயே தடுக்குற வசதியை லைன் கொடுக்குறவங்க செஞ்சு தந்தா இந்தப் பாடு எதுக்கு? வாடகை மட்டும் மாசம் தவறாம வேணும்!

கார்ட்லெஸ் வாங்கும்போது கரன்ட்டையும் நினைங்க. செம்புக் கம்பி காலத்துல சாதாரண போனுக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்தே மின்சாரம் வந்துச்சு. இப்ப கரன்ட் போனா ஓஎன்டியும் சாகும், கார்ட்லெஸ்ஸும் சாகும். அடாப்டர்ல எழுதியிருக்க வோல்ட், ஆம்பியருக்குப் பொருந்துற சின்ன யுபிஎஸ் ஒண்ணு வையுங்க.

வயசானவங்ககிட்ட இதை இன்னைக்கே சொல்லி வையுங்க. "டிராயில இருந்து பேசுறோம், ரெண்டு மணி நேரத்துல உங்க போன் கட்டாகும், 9-ஐ அமுக்குங்க"ன்னு வந்தா அது மோசடி. டிராய் யாரையும் அப்படிக் கூப்பிடுறதில்ல. எதையும் அமுக்காம வைக்கணும். அமுக்கினா நேரா மோசடிக்காரன் கையிலதான் போய் மாட்டும். பணம் போயிடுச்சுன்னா மகன் வரட்டும்னு காத்திருக்காம அப்பவே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடணும்.