அம்பாசிடரின் ஆயில் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவலாமா?

"பழைய அம்பாசிடரின் ஆயில் ஃபில்டரை மாற்றவே வேண்டாம், பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்தால் புதிதுபோல் ஆகிவிடும்" என்ற செய்தி திருநெல்வேலிப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. நம்பினால் எஞ்சினே பாழாகும்.

அந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், உலோகக் கிண்ணத்துக்குள் இருப்பது மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர். கழுவினால் மேலே படிந்த கரி போகும். காகித நாருக்குள் சிக்கிய நுண்துகள் போகாது. காகிதம் கிழிந்தால் அழுக்கு ஆயில் நேரே, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும். கிழியாமல் அடைத்துக்கொண்டாலும் கேடுதான்: ஆயில் ஓட்டம் நிற்காமலிருக்க பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே அனுப்பும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. தேய்மானம் மட்டும் நடந்துகொண்டிருக்கும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த கிராங்கைப் பலி கொடுப்பதா?

கழுவக்கூடிய ஃபில்டர் ஒன்று உண்டு. பழைய ஜீப்புகளில் எண்ணெய் ஊற்றிவைக்கும் காற்று ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவிப் புது எண்ணெய் ஊற்றலாம். குட்டம், உவரிப் பக்கத் தேரி மணல்மேடுகளின் செம்மணல் காற்றில் ஓடும் வண்டிக்கு அதை அடிக்கடி செய்யவே வேண்டும். இரண்டையும் யாரோ குழப்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆயில் ஃபில்டரை மாற்றும்போது பழைய ரப்பர் வளையத்தை, கிண்ணம் பொருந்தும் பள்ளத்திலிருந்து நெம்பி எடுத்துவிடுங்கள். அதன்மேலேயே புதியதை வைத்தால் ஆயில் பீறிடும். எஞ்சினை இயக்கி, ஆயில் விளக்கு அணைந்தபின் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியை (டிப்ஸ்டிக்) பார்த்துக் குறைந்த ஆயிலை ஊற்றுங்கள்.