கப்பலை ஓட்டியவர் பாலாண்டர்

வேகா கப்பல் வடகிழக்குக் கடல்வழியை, அதாவது ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் வடகரையை ஒட்டிப் பசிபிக்குக்குப் போகும் வழியை, கடந்த கதையைச் சொல்லும் இந்தக் கட்டுரையில் பயணக்குழுத் தலைவர் நோர்டென்ஷெல்டுக்குப் பத்து பத்தி, கப்பல் தலைவர் லூயி பாலாண்டருக்கு ஒரே வரி. மனசு கேட்கவில்லை.

1842இல் கார்ல்ஸ்க்ரோனாவில் பிறந்த சுவீடன் கடற்படை அதிகாரி அவர். 1872-73இலேயே 'போல்ஹெம்' கப்பலோடு ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனில் ஒரு குளிர்காலம் கழித்தவர். வேகா 1878 செப்டம்பர் 28 அன்று பனியில் சிக்கியது. ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணைக்கு இன்னும் இரண்டு நாள் பயணம்தான்! 1879 ஜூலை 18 வரை அங்கேயே. கரையில் பனிக்கட்டியால் கட்டிய ஆய்வுக்குடில் வரை பனித்தூண்கள் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். பனிப்புயலில் கண் தெரியாதபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் நடை. ஓர் உயிர்கூடப் போகாமல், கப்பலுக்கும் சேதமில்லாமல் நீரிணையைக் கடந்தார்கள். அதில் பாலாண்டரின் பங்கு சின்னதா என்ன? பயணத்தில் புகைப்படம் எடுத்தவரும் அவரே.

அப்புறம், திரும்பும் வழியில் வேகா இலங்கையின் காலி துறைமுகத்திலும் நின்றது. நம் வாசகர்களுக்காக அதையும் சேர்த்திருக்கலாம். 1901இல் பாலாண்டர் சுவீடனின் கடற்படை அமைச்சரும் ஆனார். தயவுசெய்து அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள்.