குளிரில் ஒயில் கசிந்தால் டர்போ போய்விட்டது என்பது சரியா?

கனடாவின் கடுங்குளிரில் ஒரு காரின் டர்போவிலிருந்து (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஒயில் கசிந்ததைச் சொல்லி, "ஒயில் கசிந்தால் டர்போ முடிந்தது, உடனே மாற்றுங்கள்" என்று அறிவுறுத்தும் குரல்பதிவொன்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வாகன உரிமையாளர்களிடையே வட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. இது தவறு, இதை நம்பிப் பெருந்தொகை செலவழிக்கப் போகிறவர்களை எண்ணியே எழுதுகிறேன்.

எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி என்ஜினின் அடிப்பகுதிக்குள் இறங்குகிறது. மைனஸ் 30 பாகைக் குளிரில், குறுந்தூரமே ஓடும் காரில், அது, உள்ளே சேரும் வாயுக்களை வெளியேற்றும் என்ஜினின் மூச்சுக்குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ள, உள்ளே அமுக்கம் ஏறுகிறது. டர்போவின் ஒயில் தன் பாரத்தாலேயே கீழே வடிய வேண்டியதாகையால், அந்த அமுக்கம் வடிகுழாயின் ஓட்டத்தைத் தடுத்து, ஒயிலைச் சீல்கள் வழியே வெளியே தள்ளுகிறது. ஒயில் மூடியின் உட்புறத்தில் எருமைத் தயிரின் ஆடை போல வெளிறிய பசை ஒட்டியிருப்பது இதற்கு ஒரு தடயம். காரைச் சூடான இடத்தில் நிறுத்திப் பனியை உருகவைத்து, மூச்சுக்குழாயைச் சுத்தப்படுத்தி, ஒயிலையும் மாற்றிய பிறகே டர்போவைச் சந்தேகிக்க வேண்டும்.

என்ஜின் நின்று ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை விரல்களால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பானதே. முன்பின்னாக ஆட்டம் உணரப்பட்டாலோ, இறகுகள் கூட்டில் உரசிய தழும்பு தெரிந்தாலோதான் டர்போ பழுது.

நம் ஊரில் மார்கழி அடைமழையிலும் வெப்பநிலை உறைநிலைக்கு அருகில்கூடச் செல்வதில்லை. ஆனாலும் வடிகுழாயில் கரி படிந்தாலோ, மூச்சுக்குழாய் அழுக்கேறி அடைபட்டாலோ இங்கும் இதே கசிவு வரும் என்பதால், சோதிக்கும் வரிசை மாறாது.