கேப் பிளாக்கைத் திறக்காம மாடலரைத் திட்டாதீங்க

வீட்ல ஹெட்ஃபோன்ல கேட்டா தேனா இனிக்குது, மேடையில போட்டா கொசு கத்துற மாதிரி இருக்கு. ரங்கூன்ல மாடலர் (கிட்டார் ஆம்புகளோட சத்தத்தை டிஜிட்டலாப் போலி செய்ற பெட்டி) வெச்சிருக்கிற தம்பிமார் சொல்ற புகார் பெரும்பாலும் இதுதான். அடுத்த கேள்வியும் கையோட வரும்: "இதை வித்துட்டுப் பெரிய பெட்டி வாங்கிடலாமா அண்ணே?"

வேண்டாம் தம்பி. கையில இருக்கிறது ஸூமா, மூயரா, பாஸ் ஜிடி-1ஆ, ஹெச்எக்ஸ் ஸ்டாம்பா, எதுவா இருந்தாலும் சரி. அந்தக் கொசுச் சத்தம் ஆம்ப் மாடல்ல இருந்து வர்றதில்ல. ஆம்ப் மாடலுக்குப் பின்னாடி இருக்கிற கேப் பிளாக்ல (ஸ்பீக்கர் பெட்டியையும் அதுக்கு முன்னாடி வெச்ச மைக்கையும் போலி செய்ற பகுதி) இருந்தும், எந்த வால்யூம்ல உட்கார்ந்து சவுண்டு வெச்சீங்களோ அதுல இருந்தும் வருது. நாளைக்கு நாலு மடங்கு காசு கொடுத்து வாங்குற பெட்டியிலயும் இந்த ரெண்டும் கூடவே வரும்.

நம்ம ஊருக்கு மாடலர்ங்கிறது ஏழைக்கேத்த எள்ளுருண்டைன்னு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. ரங்கூன் பபேடான்ல ஒரு ஆறு மாடி வீட்டுக்குள்ள 50 வாட் வால்வ் ஆம்பை, அது உண்மையிலேயே பாட ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் திருக முடியுமா? அப்படியே முடிஞ்சாலும் சாயங்காலம் வோல்டேஜ் 230ல இருந்து 180க்கு இறங்கினா வால்வ் ஆம்போட குணமே மாறிப் போகும். மாடலர் அடாப்டர்ல 100-240னு போட்டிருந்தா, அந்த எல்லைக்குள்ள எது வந்தாலும் வெளிய போற வோல்டேஜ் மாறாது. இங்க வாசிக்கிறவனுக்குச் சரியான கருவி இதுதான். அதை ஒழுங்காப் பழகணும், அவ்வளவுதான் என் வாதம்.

முதல்ல கேப். கிட்டார் ஆம்புக்குள்ள இருக்கிற 12 அங்குல ஸ்பீக்கர் பேப்பர் கோன் வெச்சது. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸ் தாண்டினா அதோட சத்தம் சடசடன்னு விழுந்துடும். அது குறை கிடையாது. டிஸ்டார்ஷன் போடும்போது அதுக்கு மேல நிறைய கரகரப்பு உண்டாகும், அதையெல்லாம் அந்தப் பேப்பர் தின்னுடுது. கோயில் மண்டபத்துலயும் சர்ச்லயும் இருக்கிற பாக்ஸ்ல ட்வீட்டர் இருக்கு, அது 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலயும் பாடும். கேப் சிமுலேஷன் (கேப் பிளாக் செய்ற வேலை) போடாம அதுல விட்டா அந்தக் கரகரப்பு முழுசா சனங்க காதுல கொட்டும். கொசு பிறக்கிற இடம் அதுதான்.

இதுக்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு. கேப் சிமுலேஷனை ஆன்லயே வெச்சுக்கிட்டு, மாடலரை ஒரு சாதாரண கிட்டார் ஆம்போட முன் ஜாக்ல செருகுறது. ஒரு ஸ்பீக்கர் வழியா வந்த சத்தத்தை இன்னொரு ஸ்பீக்கர் வழியா மறுபடி வடிகட்டுறோம், கம்பளிக்குள்ள வாயை வெச்சுப் பேசுற மாதிரி ஆகிடும். மிக்சருக்கோ மானிட்டருக்கோ போனா கேப் ஆன். கிட்டார் ஆம்புக்குப் போனா கேப் ஆஃப், அதுவும் முன் ஜாக்கை விட்டுட்டுப் பின்னாடி இருக்கிற எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்ல (ப்ரீஆம்பைத் தாண்டி நேரா பவர் ஆம்புக்குப் போற ஜாக்) செருகுங்க. முன் ஜாக்ல போட்டா அந்த ஆம்போட ப்ரீஆம்ப் உங்க மாடல் மேல இன்னொரு சாயம் பூசும்.

கேப் பிளாக்கைத் திறந்தா உள்ள மைக் இருக்கும். நிறைய பேர் கையே வைக்காத இடம் இது. ஷ்யூர் எஸ்எம்57 மைக்கை எடுத்துக்கோங்க, 1965ல இருந்து கிட்டார் ஸ்பீக்கருக்கு முன்னாடி நிக்கிற மைக். ஸ்பீக்கர் நடுவுல இருக்கிற வட்ட மூடிக்கு நேரா வெச்சா கத்தி மாதிரி கூர்மையா இருக்கும். அந்த மூடியோட ஓரத்துக்கு நகர்த்தினா சமனாகும். இன்னும் வெளிய கோனுக்குப் போனா இருட்டா, குண்டா ஆகும். ரெண்டு மூணு சென்டிமீட்டர் நகர்வுதான், ஆனா மார்ஷலை மாத்தி மேசா போட்டாக்கூட இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. ட்ரெபிள் குமிழைத் திருகித் திருகி அலுத்துப் போறவங்க இதை ஒரு தடவை நகர்த்திப் பார்த்தா திரும்ப ட்ரெபிள் பக்கமே போக மாட்டாங்க.

நான் பரிந்துரைக்கிற வழி: ஆம்ப் குமிழ் எல்லாத்தையும் 5ல வைங்க. 4x12 கேப் (12 அங்குல ஸ்பீக்கர் நாலு), க்ரீன்பேக் ஸ்பீக்கர், 57 மைக், தூரம் ஒரு அங்குலம். ஆறாவது தந்தியில உள்ளங்கை வெச்சு அமுக்கி அடிச்சுக்கிட்டே மைக்கை நடுவுல இருந்து வெளிய நகர்த்துங்க. "ஸ்ஸ்"னு ஒரு மணல் சத்தம் மேல ஓடும், அது அடங்கி தந்தியில பிக் படுற "டக்" மட்டும் மிஞ்சுற இடத்துல நிறுத்துங்க. அப்புறம் லோ கட் (அதுக்குக் கீழ இருக்கிறதைக் குறைக்கிறது) 90 ஹெர்ட்ஸ், ஹை கட் (மேல இருக்கிறதைக் குறைக்கிறது) 7,000 ஹெர்ட்ஸ். இன்னும் குத்தினா ஹை கட்டை 6,000 வரை கொண்டு வாங்க. 4,500க்குக் கீழ போனா உயிர் போயிடும், அப்போ மைக் இடத்துலதான் தப்பு இருக்குன்னு அர்த்தம். லோ கட் போட்டா "அடி" போயிடும்னு பயப்படாதீங்க. ஆறாவது தந்தி திறந்து அடிச்சாலே 82 ஹெர்ட்ஸ்தான், அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் கை கிட்டார்ல இடிக்கிற சத்தமும் மேடை அதிர்வும். அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம்.

கேப் பிளாக்குக்குப் பதிலா ஐஆர் ஃபைல் (அசல் ஸ்பீக்கர், மைக்கோட குணத்தைப் பதிவு செஞ்ச ஃபைல்) போடுறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. மோனோ வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் எடுங்க. நீளம் 1,024 சாம்பிள்னா 21 மில்லிசெகண்ட், 2,048னா அதுக்கு ரெட்டிப்பு. ஆறாவது தந்தியோட ஒரு அலையே 12 மில்லிசெகண்ட்தான், அதனால மேடைக்குச் சின்னதே போதும், ப்ராசஸர்ல இடமும் மிச்சம். ஐநூறு ஃபைலை இறக்கி வெச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் மாத்திக்கிட்டே இருக்கிறது வியாதி. மூணு வெச்சுக்கோங்க. ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்திட்டு ஒப்பிடுங்க. ஒரு டெசிபெல் கூட இருந்தாலே காது அதைத்தான் "நல்லா இருக்கு"ன்னு சொல்லும்.

அடுத்தது வால்யூம். 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் பெல் ஆய்வுக்கூடத்துல அளந்து காட்டிட்டாங்க: சத்தம் குறைவா இருக்கும்போது நம்ம காதுக்கு அடியும் (பேஸ்) உச்சியும் சரியாக் கேட்காது. அதனால ராத்திரி பத்து மணிக்கு, பக்கத்து வீட்டு அக்கா தூங்குற நேரத்துல சவுண்டு வெச்சா, கை தானா பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தும், மிட்டை இறக்கும். அதே பேட்ச் (சேமிச்சு வெச்ச சவுண்டு) மண்டபத்துல அஞ்சு மடங்கு சத்தத்துல வரும்போது, ஏத்தினது ரெண்டும் விஸ்வரூபம் எடுக்கும். அடி குமுறும், உச்சி குத்தும். பாட்டுக்கு வேணுங்கிற நடுப்பகுதி மட்டும் காணாமப் போயிருக்கும்.

வைத்தியம் ஒண்ணுதான்: வாசிக்கப் போற சத்தத்துல, முடிஞ்சா வாசிக்கப் போற பாக்ஸ்லயே, கால் மணி நேரம் உட்கார்ந்து வைங்க. திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணித் திருவிழா) பந்தலோ, கோயில் திருவிழாக் கச்சேரியோ, ஞாயிறு ஆராதனையோ, சவுண்டு அண்ணன்கிட்ட முன்கூட்டியே சொல்லி, மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி போங்க. உங்க சேனல் ஈக்யூ எல்லாத்தையும் நடுவுல வைக்கச் சொல்லுங்க. அதுக்கும் வழியில்லன்னா பேட்சைத் தொடாதீங்க. குளோபல் ஈக்யூல (எல்லா பேட்சுக்கும் பொதுவான ஈக்யூ) 120 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் குறைச்சு, 3,500 பக்கம் 2 குறைச்சு, 800 பக்கம் 2 ஏத்திப் பாருங்க. கெயினை வீட்ல வெச்சதுல மூணுல ஒரு பங்கு குறைங்க. சத்தம் பெருசானா சஸ்டெயின் தானா வந்துடும், கூடுதல் கெயின் கோர்டைக் கூழாக்கத்தான் செய்யும்.

தனியா வாசிக்கும்போது அசிங்கமா, மூக்கால பேசுற மாதிரி இருக்கிற சவுண்டுதான் குழுவோட சேர்ந்து வாசிக்கும்போது எடுபடும். நம்ம இன்னிசைக் குழுவுல கீபோர்டுக்காரர் இடது கையாலயே 200ல இருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் மொத்தமா அடைச்சுடுவார், தபேலா பாயாவும் கீழதான். கிட்டாருக்கு மிஞ்சுறது 700ல இருந்து 2,000 வரைக்கும். அங்க இடம் பிடிக்காம பேஸைக் கூட்டிக்கிட்டே போறவன் கடைசி வரைக்கும் "என்னைக் கேட்கல, கேட்கல"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பான். கம்பெனி கொடுக்கிற ப்ரீசெட்டும் இங்கதான் ஏமாத்துது. கடையில தனியா ஒருத்தர் வாசிச்சா அசந்து போகணும்னு செஞ்சது அது: டபுள் டிலே, பெரிய ரிவெர்ப், அகல ஸ்டீரியோ. குழுவுக்குள்ள அது வெறும் புகை.

ஆம்ப் குமிழ்களையும் அந்தந்த அசல் ஆம்பைத் தெரிஞ்சுக்கிட்டுத் திருகணும். ஃபெண்டர்ல எல்லாத்தையும் 5ல வெச்சா அது சமன்னு நினைக்கிறோம், ஆனா அந்த சர்க்யூட் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கத்துல நல்லாப் பள்ளம் வெட்டியிருக்கும். பேஸை 3க்கு இறக்குங்க, மிட் குமிழ் இருந்தா 7க்கு ஏத்துங்க. வாக்ஸ் ஏசி30ல "கட்" குமிழ் தலைகீழ், ஏத்தினா உச்சி குறையும். பழைய மார்ஷல் ப்ளெக்ஸியில மாஸ்டர் வால்யூமே கிடையாது. மாடலர் அதுக்கு ஒரு மாஸ்டரைச் சேர்த்துக் கொடுத்திருந்தா அதை 10லயே விட்டுட்டு மாடலரோட சேனல் வால்யூமால சத்தம் குறைங்க. மாஸ்டரைக் குறைச்சா பவர் ஆம்ப் மாடலே தூங்கிடும், சவுண்டு சப்பையாகும். மார்ஷல் ஜேசிஎம்800ல ரிதம் சேறு மாதிரி இருந்தா கெயினைக் கூட்டாதீங்க. முன்னாடி ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் (ஓவர்டிரைவ் பெடல்), டிரைவ் 0, லெவல் 8, டோன் நடுவுல. அது 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ மெல்லக் குறைச்சு ஆம்புக்குள்ள அனுப்பும், அமுக்கி அடிக்கிறது இறுகி வரும்.

கிட்டார் பக்கம் ஒண்ணே ஒண்ணு. இன்புட்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா பேட் (உள்ள வர்ற சிக்னலைக் குறைக்கிற ஸ்விட்ச்) போடுங்க, இல்லன்னா பிக்கப்பை இறக்குங்க. கடைசி ஃப்ரெட்டை அமுக்கிப் பிடிச்சு அளந்தா, சிங்கிள் காயில்னா தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவுல 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டிலே, ரிவெர்ப் பத்தி எழுதிக்கிட்டே போகலாம், ஆனா மேடைக்கு நீங்க நினைக்கிறதுல பாதி போதும். டிலே நேரம் வேணும்னா 60,000ஐப் பாட்டோட வேகத்தால வகுங்க. 120னா 500 மில்லிசெகண்ட், அதுல முக்கால் 375.

மிக்சருக்குப் போறது மோனோன்னா லெஃப்ட் ஜாக்ல மட்டும் செருகுங்க, கோரஸ் ஸ்டீரியோல வெச்சிருந்தா மோனோவாவும் கேட்டுப் பார்த்துடுங்க, சிலது கலந்தா ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். சோலோவுக்கு சத்தம் ஏறணும்னா கெயினைத் தொடாம, கேப்புக்குப் பின்னாடி ஒரு வால்யூம் பிளாக்ல 3, 4 டெசிபெல் ஏத்துங்க.

இனி கரண்ட். நம்ம ஊர்ல இதை எழுதாம டோன் பத்தி எழுதினா பாதிப் பதிவுதான். நிறைய கட்டடத்துல ரெண்டு ஓட்டை ப்ளக்தான், எர்த் கிடையாது. அடாப்டருக்குள்ள இருக்கிற சின்ன கெபாசிட்டர் வழியா லைன் வோல்டேஜ்ல சுமார் பாதி, ரொம்ப மெல்லிய கரண்டா, பெட்டி இரும்புலயும் தந்தியிலயும் வந்து உட்காரும். தந்தியைப் பிடிச்சுக்கிட்டு மைக்ல உதடு பட்டா சுருக்குன்னு குத்துறது அதனாலதான். அதுவே பழைய மிக்சர்லயோ ஆம்ப்லயோ இன்சுலேஷன் கெட்டு வந்தா உயிருக்கே ஆபத்து. அதனால பலமாக் குத்தினா வாசிக்காதீங்க, எர்த் இருக்கிற லைன் கேளுங்க, மூணாவது கம்பியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீங்க. கிரவுண்ட் லிஃப்ட் (கேபிள் வழியா போற எர்த் தொடர்பைத் துண்டிக்கிற) பொத்தானைப் பத்தியும் ஒரு குழப்பம் இருக்கு. மாடலரும் மிக்சரும் ரெண்டுமே எர்த்ல இருந்து "ம்ம்"னு ஹம் வந்தா லிஃப்ட் போட்டா நிக்கும். மாடலருக்கு எர்த்தே இல்லாதப்போ லிஃப்ட் போட்டா, இருந்த ஒரே தொடர்பும் அறுந்து ஹம் கூடத்தான் செய்யும்.

மலிவு இன்வெர்ட்டர் ப்யூர் சைன் கிடையாது, அதோட அலை படிக்கட்டு மாதிரி இருக்கும். சிங்கிள் காயில் பக்கத்துல இருந்தா "ர்ர்ர்"னு வரும். நாய்ஸ் கேட் வாசிக்காதப்ப மட்டும்தான் அதை மறைக்கும், வாசிக்கும்போது நோட்டோட சேர்ந்தே ஓடும். இன்வெர்ட்டரை ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வைங்க, நிக்கிற திசையைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிப் பாருங்க, சத்தம் அடங்குற ஒரு கோணம் இருக்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி, பாட்டு நடுவுல கரண்டு போய் ஜெனரேட்டர் ஏத்துற அந்தக் கொஞ்ச நேரம். "மீ லா பீ" (கரண்டு வந்துடுச்சு)ன்னு தெருவே கத்தும்போது டிரம்மர் வாசிக்க ஆரம்பிச்சிருப்பார், உங்க பெட்டி இன்னும் பூட் ஆகிக்கிட்டு இருக்கும். 9 வோல்ட்ல ஓடுற பெட்டின்னா இதுக்கு நல்ல வழி இருக்கு. யுஎஸ்பி பிடி (5 வோல்ட்டுக்கு மேலயும் தர்ற வசதி) உள்ள பவர் பேங்க், கூட அதுகிட்ட 9 வோல்ட் கேட்டு வாங்குற ட்ரிகர் கேபிள். மெயின் லைனோட தொடர்பே இல்லாததால அந்த வழியா வர்ற ஹம்மும் சேர்ந்து போயிடும். பெட்டி முதுகுல எத்தனை மில்லியாம்ப்னு எழுதியிருக்கோ, பவர் பேங்க் 9 வோல்ட்ல அதுக்கு மேல தரணும். ஸ்டாம்ப் மாதிரி பெட்டிக்கு 3 ஆம்ப் அடாப்டர் கொடுக்கிறாங்க, அதுக்கு 27 வாட்டுக்குக் குறைஞ்சது ஆகாது.

ஆனா செருகுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் எடுங்க. கிட்டார் பெட்டிகள்ல பெரும்பாலும் நடு முள் நெகடிவ், கடையில கிடைக்கிற ட்ரிகர் கேபிள்ல நிறைய நடு முள் பாசிடிவ். சிவப்பு முனையை ப்ளக்கோட உள் ஓட்டையிலயும் கறுப்பை வெளி உலோகத்துலயும் வெச்சா மீட்டர் மைனஸ் 9னு காட்டணும். ப்ளஸ் 9னு காட்டினா திருப்பி விடுற கன்வெர்ட்டர் போடுங்க. 12னோ 20னோ காட்டினா அந்தக் கேபிளை உங்க பெட்டி பக்கமே கொண்டு போகாதீங்க.